நின்றுபோன பியானோ பயிற்சியை மறுபடி தொடங்குவது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 36. போன வருஷம் 61 கட்டை கீபோர்டு வாங்கி, வீடியோ பார்த்து நானே பழகினேன். வலது கையில் நாலைந்து பாட்டு வரும். இடது கை சேர்ந்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. சீசனில் ஆலை வேலை நெருக்கியதால் மூன்று மாதம் கீபோர்டைத் தொடவே இல்லை. இப்போது உட்கார்ந்தால் தெரிந்ததும் வரவில்லை, ஆர்வமும் போய்விட்டது. இந்த வயதில் இது நடக்குமா? 88 கட்டை பியானோ வாங்கினால் ஆர்வம் திரும்புமா? ஒன்பது வயது மகளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். அவளுக்கு என்ன செய்வது?

பதில்:

தம்பி, வயது விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பெரிய மேடைகளில் கச்சேரி செய்யும் பியானோ கலைஞராக வேண்டும் என்றால் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இரண்டு கையும் சேர்த்து ஒரு பாட்டை முழுதாக, கேட்பவர் ரசிக்கும்படி வாசிக்க 36 ஒரு தடையே இல்லை. தர்மபுரியில் பல வருஷமாகப் பியானோவும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு வந்து கற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) எப்படி அமைகிறது, தாளம் எப்படிப் பிரிகிறது என்பதெல்லாம் பெரியவர்களுக்குச் சீக்கிரம் புரியும். குழந்தைகளுக்கு இருக்கும் பலம் வேறு. தப்பாக வாசித்தாலும் கூச்சப்படாமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

ஆர்வம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தினமும் என்ன செய்திருப்பீர்கள் என்று சொல்லவா? சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து, தெரிந்த பாட்டை முதலிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். ஒரு இடத்தில் விரல் தட்டித் தடுமாறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் தட்டும். அரை மணி நேரம் இப்படிப் போனதும் எழுந்திருப்பீர்கள். தானாகப் பழகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். இதில் நன்றாக வரும் பகுதிக்கு இருபது முறை பயிற்சி கிடைக்கிறது. வராத இடத்துக்குக் கிடைப்பதெல்லாம் இருபது முறை தட்டிய பழக்கம்தான். ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் பாட்டு அப்படியேதான் இருக்கும். காதுக்கு வித்தியாசமே தெரியாத வேலையில் மனசு எத்தனை நாள் உட்காரும்? நேற்று வராத ஒன்று இன்று வருவது உங்கள் காதுக்கே கேட்க வேண்டும். ஆர்வம் அதற்குப் பின்னால்தான் வரும். அதனால் பயிற்சியை அதற்கேற்றபடி மாற்றுவதைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன்.

ஒரு உதாரணம் பார்ப்போம். வீடியோ பார்த்துப் பழகிய பலருக்கும் வலது கையில் தட்டும் இடம் ஒன்று பொதுவாக இருக்கும். கட்டைவிரலை 1 என்றும் சுண்டுவிரலை 5 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் இதே எண்கள்தான். வெள்ளைக் கட்டைகளுக்கு மேற்கத்திய இசையில் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று பெயர். சி-யில் தொடங்கி சி, டி, இ, எஃப், ஜி என்று 1, 2, 3, 4, 5 போட்டு ஏறிவிடுவீர்கள். அடுத்து ஏ வாசிக்க விரல் மிச்சமில்லை. கையையே தூக்கி அந்தப் பக்கம் வைப்பீர்கள். அந்த ஒரு நொடியில் சத்தம் அறுந்துபோகும். பாட்டு வழுக்கிக்கொண்டு போகாமல் விக்கி விக்கிப் போவதற்குக் காரணம் இதுதான்.

சி-யிலிருந்து சி வரை வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறும் சி மேஜரில் சரியான விரல் வரிசை 1, 2, 3, அப்புறம் மறுபடி 1, 2, 3, 4, 5. நடுவிரல் இ-யில் இருக்கும்போது கட்டைவிரல் அதன் அடியில் நுழைந்து எஃப்-ஐத் தொட வேண்டும். ரகசியம் என்னவென்றால், சி-யை விட்ட உடனேயே, அதாவது இரண்டாம் விரல் டி-யில் இருக்கும்போதே, கட்டைவிரல் உள்ளே நகரத் தொடங்கிவிட வேண்டும். கடைசி நேரத்தில் நுழைத்தால் முழங்கை வெளியே எகிறும், எஃப் மட்டும் தொப்பென்று சத்தமாக விழும். நாளைக்குப் பாட்டே வாசிக்காதீர்கள். டி, இ, எஃப், ஜி என்ற நாலு கட்டைகளை 2, 3, 1, 2 என்ற விரல்களில் மட்டும் மேலும் கீழுமாக, மிக மெதுவாக, பத்து நிமிஷம் வாசியுங்கள். எஃப் மற்ற மூன்றையும் போல ஒரே அளவில் ஒலிக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டுப் பழைய பாட்டை எடுத்தால் அந்த விக்கல் குறைந்திருப்பது உங்களுக்கே தெரியும்.

இதே முறையில் ஒவ்வொரு பாட்டிலும் தட்டும் இடத்தைத் தேடிப் பிடித்து, அதற்கு முன்னால் ஒரு சுரம், பின்னால் ஒரு சுரம் சேர்த்து அந்தத் துண்டை மட்டும் வேலை வாங்குங்கள். ஒரு உட்காரலில் இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் உங்கள் கீபோர்டிலேயே இருக்கும். 60-இல், அதாவது நிமிஷத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். 60-இலும் தட்டினால் 50. ஒரு தப்பும் இல்லாமல் மூன்று முறை தொடர்ந்து வந்தால் மட்டும் நாலு எண் ஏற்றுங்கள். வேகம் தானாக வரும், அவசரமே வேண்டாம்.

இடது கை பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள்கள் கழன்றுகொள்ளும் இடம் இதுதான். நம் மாவட்டங்களில் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர்கள் கீபோர்டுக்கு வருவதுண்டு. வலது கை பறக்கும். ஆர்மோனியத்தில் இடது கை துருத்தி போடும் கை. அது சுரமே பழகியிருக்காது. சத்தம் கூடுவதும் குறைவதும்கூட அங்கே துருத்தியில்தான், விரல் அழுத்தத்தில் இல்லை. அத்தனை அனுபவம் உள்ளவர்களே பியானோவுக்கு வரும்போது இடது கையை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதனால் உங்களுக்கு வரவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது இது. சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டில் அடங்கும் எளிய பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையில் முழுக் கார்டும் வேண்டாம். ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியில் அந்தக் கார்டின் அடிச்சுரத்தை மட்டும் ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். வலது கை அதன் மேல் பாட்டை வாசிக்கட்டும். இது சுலபமாக வந்ததும் அடிச்சுரத்தோடு அதன் பஞ்சமத்தைச் சேருங்கள். சி என்றால் ஜி, எஃப் என்றால் சி, ஜி என்றால் டி. அப்புறம்தான் இரண்டையும் மாற்றி மாற்றி அடிப்பது, முழுக் கார்டு எல்லாம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகலாமா என்று பார்க்க நல்ல சோதனை ஒன்று உண்டு. இடது கையை மட்டும் ஓடவிட்டு, மகளோடு பேசிப் பாருங்கள். 'சாப்பிட்டியா, ஸ்கூல்ல என்ன நடந்துச்சு' என்று பேச்சு ஓடும்போதும் கை நிற்காமல் போனால், அது வலது கையோடு சேரத் தயார். பேச்சு வந்ததும் கை நின்றால் இன்னும் இரண்டு நாள் தனியாகப் பழக வேண்டும்.

நேரம் எவ்வளவு? வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். முடிந்தால் காலையில் பத்து, இரவில் பத்து. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இப்படிப் பிரித்துச் செய்வது நன்றாகப் படியும். விரல் வேலை தூக்கத்தில்தான் உறைகிறது. இரவு தடுமாறிய துண்டு காலையில் எடுத்தால் சுத்தமாக வருவதைப் பார்ப்பீர்கள். முடித்து எழும்போது நோட்டில் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: நாளைக்கு முதலில் எதை எடுக்க வேண்டும் என்று. 'இரண்டாவது வரி, நாலாவது கார்டு மாறும் இடம், இடது கை மட்டும்' என்ற அளவுக்கு எழுத வேண்டும். வேலை முடிந்து களைத்து வரும் மனிதனுக்கு இன்று என்ன வாசிப்பது என்று யோசிப்பதே பெரிய பாரம். அதிலேயே பாதி நாள் கைவிட்டுப் போகும்.

வாரம் ஒரு முறை, ஒரே பாட்டை, ஃபோனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாசிக்கும்போது தெரியாத முன்னேற்றம் அதில் தெளிவாகக் கேட்கும்.

வண்ண வெளிச்சம் மேலிருந்து கட்டை மேல் விழுகிற மாதிரி வீடியோக்கள் இருக்கின்றனவே, அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாட்டு எப்படிப் போகிறது என்று ஒரு முறை பார்க்கச் சரி. அதையே நம்பினால் கண் வெளிச்சத்தைத் துரத்தும், கை அதன் பின்னால் ஓடும், வீடியோவை நிறுத்தினால் ஒன்றும் நினைவில் இருக்காது. மூன்று மாதத்தில் எல்லாம் மறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கப் பழகுங்கள். ஐந்து கோடு, நாலு இடைவெளி, அவ்வளவுதான். தினமும் புதிதாக நாலு பார் (தாளச் சுற்று) மட்டும், தப்பு வந்தாலும் நிற்காமல், ஒரு முறை வாசித்துவிட்டு மூடிவிடுங்கள். ஆறு மாதத்தில் எளிய புத்தகம் எதையும் திறந்து வாசிக்கும் நிலை வந்துவிடும். அந்தச் சுதந்திரம் கிடைத்த பிறகு யாரும் இதை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. கீபோர்டு எங்கே இருக்கிறது? கட்டில் மேல் வைத்துச் சம்மணம் போட்டு வாசிக்கிறீர்கள் என்றால் அதை உடனே மாற்றுங்கள். மணிக்கட்டு மடங்கும், தோள் ஏறும், பதினைந்து நிமிஷத்தில் கழுத்து வலிக்கும். உடம்பு எழுந்திரு என்று சொல்வதை நாம் ஆர்வம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். மடக்கும் ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள். உட்கார்ந்தால் முழங்கை கட்டை மட்டத்துக்கு இருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில் படிய வேண்டும். கீபோர்டைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பிளக் போட்டே இருக்கட்டும். தூசிக்கு ஒரு துணி போதும். வரிசை வீடு என்றால் ஹெட்ஃபோன் அவசியம். இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் பல பேருடைய பயிற்சியைத் தின்றிருக்கிறது.

88 கட்டை வாங்கினால் ஆர்வம் வருமா? வரும், கொஞ்ச நாளைக்கு. அதற்காக வாங்காதீர்கள். ஆனால் வாங்குவதற்கு நல்ல காரணம் வேறு ஒன்று உண்டு. 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கியதே விரல் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடவும் குறையவும் வேண்டும் என்பதற்காகத்தான். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. அந்தப் பளுவைத் தூக்கச் சுமார் 50 கிராம் அழுத்தம் வேண்டும். டிஜிட்டல் பியானோவில் அதே கனம் வரும்படி கட்டையைச் செய்திருப்பார்கள். சாதாரண கீபோர்டில் கட்டை ஸ்பிரிங்கில் நிற்பதால் விரலுக்கு அந்த வலு வராது. இப்போதைக்கு உங்கள் 61 கட்டையில் 'டச் ரெஸ்பான்ஸ்' (அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் வசதி) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது அணைந்திருக்கக் கூடாது. இரண்டு கையும் சேர்ந்து நாலு பாட்டு சுத்தமாக வந்த பிறகு 88 கட்டை டிஜிட்டல் வாங்குங்கள். பெங்களூரு கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். நேரில் போய், உட்கார்ந்து, வாசித்துப் பார்த்து வாங்க வேண்டும். விலையைப் பார்த்து மட்டும் ஆன்லைனில் தட்டிவிடாதீர்கள். மரத்தால் ஆன பழைய பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அதில் 230 கம்பி அளவுக்கு இருக்கும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் மரம் அசைந்து சுருதி மாறும். வருஷம் ஒரு முறையாவது சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். நம் பக்கத்துக்கு அந்த ஆள் பெரும்பாலும் பெங்களூரிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

மூன்று மாதம் நின்றுபோனது பற்றி. விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் கடைசியாகப் பழகிக்கொண்டிருந்த பாட்டு அன்றைக்கே அரைகுறைதான், அதைத்தான் கை முதலில் மறக்கும். அதைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். இரண்டு பாட்டு பின்னால் போய், நன்றாக வந்துகொண்டிருந்த எளிய ஒன்றை எடுங்கள். பாதி வேகத்தில் ஒரு வாரம் வாசியுங்கள். ஒரு தடவை கற்றது முழுதாக அழிவதில்லை. முதல் தடவை ஒரு மாதம் பிடித்தது இரண்டாம் தடவை சில நாளில் திரும்பிவிடும். அடுத்த சீசனுக்கும் இப்போதே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மே மாதம் லாரிகள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டால் உங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அது வருஷா வருஷம் வரப்போவதுதான். ஏப்ரல் கடைசியோடு புதுப் பாட்டு எதையும் தொடங்காதீர்கள். சீசன் முடியும்வரை தினமும் ஐந்து நிமிஷம், தெரிந்த ஒரே பாட்டு, ஒரே முறை. விட்டுப்போகும் நாள்களும் இருக்கும், பரவாயில்லை. ஆகஸ்டில் திரும்பி உட்காரும்போது கை அந்நியமாக இருக்காது.

களைப்பான நாளுக்கென்று ஒன்று சொல்கிறேன். இதை என் மாணவர்கள் எல்லோருக்கும் கொடுக்கிறேன், ஆசையோடு கொடுக்கிறேன். வெள்ளைக் கட்டையைத் தொடாமல் கருப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். எஃப்-க்கு வலது பக்கத்துக் கருப்பான எஃப் ஷார்ப், அதாவது நம் சுருதிக் கணக்கில் நாலரைக் கட்டை, அதை ஷட்ஜமாக (ச) வைத்துக் கருப்பிலேயே ஏறி இறங்கினால் மோகனம். அடுத்த கருப்பான ஐந்தரையை (ஜி ஷார்ப்) ஷட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி. ஆறரையில் (ஏ ஷார்ப்) தொடங்கினால் இந்தோளம். ஒன்றரையில் (சி ஷார்ப்) சுத்த சாவேரி. இரண்டரையில் (டி ஷார்ப்) சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான், தொடங்கும் இடம் மட்டும் மாறுகிறது. கர்நாடக சங்கீதத்தில் கிரகபேதம் என்பது இதுதான். இடது கையில் ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்த்துத் தம்பூராவைப் போல அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மோகனத்துக்கு நாலரையும் ஒன்றரையும். இந்தோளத்துக்கு மட்டும் பஞ்சமம் கிடையாது, அதனால் ஆறரையோடு மத்தியமமாகிய இரண்டரையைப் பிடிக்க வேண்டும். வலது கை அதன் மேல் என்ன தோன்றுகிறதோ அதை வாசிக்கட்டும். தப்புச் சுரம் விழவே வழியில்லை. பியானோவில் சுரங்கள் நிலையாக நிற்பதால் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) வராது, ராகத்தின் எலும்புக்கூடுதான் கிடைக்கும். இருந்தாலும் பத்து நிமிஷத்தில் காது நிறையும். மோகனத்தில் இருந்துவிட்டு இடது கையை மட்டும் இந்தோளத்துக்கு மாற்றிப் பாருங்கள், அறையின் முகமே மாறும்.

இதில் விரலுக்கும் நன்மை உண்டு. நீளமான மூன்று விரல்களும் கருப்புக் கட்டை மேல் இயல்பாக உட்காரும். பியானோ இசையமைப்பாளர் ஷோபான் தன் மாணவர்களுக்கு முதலில் சி மேஜரைக் கொடுக்காமல் கருப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜரிலிருந்து தொடங்கியதற்குக் காரணமும் கையின் இந்த அமைப்புதான். எல்லாப் பாட்டையும் சி-யில் வாசித்துவிட்டு டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சுருதி மாற்றும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அவசரத்துக்கு யாருக்காவது பக்கவாத்தியமாக வாசிக்க அது உதவும். கற்கும் காலத்தில் அதை மறந்துவிடுங்கள்.

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் தேர்வுகளைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். இரண்டிலும் தொடக்க நிலைக்கு மேல் எட்டு கிரேடு உண்டு. இப்போது வீடியோ பதிவு செய்து அனுப்பி எழுதும் வகையும் இருக்கிறது, சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை. தேதி ஒன்று முன்னால் இருந்தால்தான் கை அசையும் என்கிற சுபாவம் உள்ளவருக்கு நல்லது. ஆனால் வருஷம் முழுக்கத் தேர்வுப் பாட்டுகளையே அரைத்து, கிரேடு ஏற ஏற இசையே பிடிக்காமல் போன பிள்ளைகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். உங்களுக்குத் தேர்வைவிடக் கேட்க ஒரு ஆள் முக்கியம். மாதக் கடைசியில் வீட்டில் அம்மாவுக்கோ, மனைவிக்கோ, நண்பருக்கோ ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசியுங்கள். இடையில் தப்பினாலும் மன்னிப்புக் கேட்டு நிற்கக் கூடாது, தாளத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

மகள் விஷயம். ஒன்பது வயது மிக நல்ல வயது. அவளுக்குப் பத்து நிமிஷம் போதும், அந்தப் பத்து நிமிஷம் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். ஃபோன் பார்க்காமல் உட்கார வேண்டும். 'வாசித்து முடித்தால்தான் விளையாட விடுவேன்' என்று சொல்லாதீர்கள். விளையாட்டு பரிசு என்றால் பியானோ தண்டனை என்று அவள் கணக்குப் போட்டுவிடுவாள். யார் வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட வேண்டாம். அவளுக்குப் பிடித்த பாட்டை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அதன் முதல் வரியை மட்டும் ஒரு விரலில் நீங்கள் எளிமையாக்கிக் கொடுங்கள். அவள் வலது கையில் பாட்டை வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் அமர்ந்து இடது கைச் சுரத்தைப் பிடியுங்கள். ஒரே கீபோர்டில் இரண்டு பேர். அவளுக்கு முழுப் பாட்டின் ஒலி கிடைக்கும், உங்களுக்கு இடது கைப் பயிற்சி ஆகும். இப்படிச் சேர்ந்து வாசிக்கும் வீடுகளில் பயிற்சி அவ்வளவு எளிதில் நிற்பதில்லை.

கடைசியாக ஆசிரியர். வீடியோவில் எவ்வளவு பார்த்தாலும் உங்கள் முழங்கை ஏறுவதை அது சொல்லாது. கிருஷ்ணகிரியில் தேவாலயங்களில் வாசிப்பவர்களை விசாரியுங்கள். அவர்களில் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள், இல்லாவிட்டால் சொல்லிக்கொடுப்பவரைத் தெரிந்திருக்கும். ஓசூரில் வகுப்புகள் கொஞ்சம் அதிகம், 50 கிலோமீட்டர் என்பதால் மாதம் ஒரு ஞாயிறு போய் வருவது முடியாத காரியம் இல்லை. மகளையும் அழைத்துப் போங்கள். மற்ற வாரங்களில் அதே ஆசிரியரிடம் ஆன்லைனில் கற்கலாம். அப்போது ஃபோனை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். வலது பக்கம், தோள் உயரத்தில், கட்டை முழுவதும் இரண்டு முழங்கையும் தெரியும்படி வையுங்கள். முதல் வகுப்பில் பாட்டு கேட்காதீர்கள். டி, இ, எஃப், ஜி நாலையும் வாசித்துக் காட்டி, கட்டைவிரல் சரியாக நுழைகிறதா என்று அவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.